"பால் பத்தல டாக்டர்"

பிரசவ வார்டு ரவுண்ட்ஸில் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது.

பிள்ளை பிறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. "இவளுக்குப் பால் பத்தல, பவுடர் எழுதிக் குடுங்க" என்பார் பாட்டி. பக்கத்தில் அந்தத் தாய் குற்றம் செய்தவர் போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.

அவர்களுக்காக ஒரு பழைய கதை சொல்கிறேன், கேளுங்க.

1939. சிங்கப்பூர். ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தைகள் நல மருத்துவர், ரோட்டரி சங்கக் கூட்டத்தில் பேசுகிறார். உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'.

ஏன் அப்படி ஒரு தலைப்பு?

அன்றைய மலாயாவில், நர்ஸ் போல உடுத்திய பெண்களைப் பால் கம்பெனிகள் புதுத் தாய்மார்களிடம் அனுப்பின. தாய்ப்பாலை விட டின் பால் உசத்தி என்று நம்ப வைத்தன. அது சர்க்கரை கலந்த கன்டென்ஸ்டு மில்க். அதை நம்பிக் கொடுத்த வீடுகளில் பிள்ளைகள் வயிற்றுப்போக்கிலும் சத்துக்குறைவிலும் இறந்தன. இந்தச் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார் சிசிலி.

1942. சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. சிசிலியும் சிறை முகாமில் அடைக்கப்பட்டார். அரைவயிற்றுச் சாப்பாடு. நோய். பயம்.

அந்த முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன.
20 பேருக்கும் தாய்ப்பால்.
20 பேரும் பிழைத்தார்கள்.

அதற்காகத் தாயைப் பட்டினி போடலாம் என்று அர்த்தமில்லைங்க. அவருக்கு நல்ல சாப்பாடு, தண்ணீர், தூக்கம் எல்லாமே வேணும். ஆனால் பால் சுரக்க முக்கியமான தூண்டுதல், பிள்ளை சப்புவதுதான். சப்பச் சப்ப புரோலாக்டின் ஹார்மோன் கூடும், மார்பு காலியாகக் காலியாகப் பால் ஊறும். நடுவில் புட்டிப்பால் கொடுத்தால் பிள்ளை சப்புவது குறையும், பாலும் குறையும். "பத்தல" என்ற பயம் நிஜமாவது இப்படித்தான்.

சிசிலி பேசி 42 வருடம் கழித்து, 1981இல், உலக சுகாதார சபை புட்டிப்பால் விற்பனைக்கு நெறிமுறை கொண்டுவந்தது. இந்தியாவில் 1992இல் சட்டமே வந்தது. பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் இங்கே விளம்பரம் செய்யக்கூடாது. தாய்மார்களுக்கு இலவச சாம்பிள் கொடுக்கவும் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது:

🔸 பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவே போதும்.
🔸 இரவு பகல் சேர்த்து 8 முதல் 12 முறை பால் கொடுங்கள்.
🔸 காம்பு மட்டும் போதாது, கருவளையமும் பிள்ளை வாய்க்குள் போக வேண்டும். வலித்தால் நர்ஸைக் கூப்பிடுங்கள், சரியாகப் பிடிக்க வைப்பார்.
🔸 ஒரு வாரப் பிள்ளை நாளைக்கு 6 முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால், பால் பத்துகிறது.

சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து எழாமல் தூங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. தைராய்டு பிரச்சினை, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு போன்ற காரணங்களால் சிலருக்கு நிஜமாகவே பால் குறையும். அப்போது டாக்டர் சொல்லிப் பவுடர் கொடுப்பது தப்பே இல்லை. அந்தத் தாய் தலைகுனியவும் வேண்டியதில்லை.

பாட்டிகளே, "பத்தல" என்று சொல்வதற்கு முன் ஒருமுறை "இன்னொரு தடவை கொடுத்துப் பாரும்மா" என்று சொல்லிப் பாருங்கள்.