வேற்றுநாட்டார் அல்லாதார்: அமெரிக்க ஜப்பானியர் சிறைவைப்பும் 'இன்டர்ன்மென்ட்' என்ற சொல்லும்

1942 மார்ச் கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ராணுவம் ஓர் அறிவிப்பை ஒட்டியது. ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும், 'வேற்றுநாட்டாரும் வேற்றுநாட்டார் அல்லாதாரும்', ஆறு நாளில் தீவைக் காலிசெய்ய வேண்டும் என்றது அது. வேற்றுநாட்டார் அல்லாதார் என்றால் யார்? அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள்தான். குடிமக்களை வெளியேற்றுகிறோம் என்று அச்சிலேற்ற ராணுவத்துக்கு மனம் வரவில்லை போலும். குடியுரிமையையே எதிர்மறையில் சுருட்டி வைத்துவிட்டது.

அடுத்த சில மாதங்களில் மேற்குக் கரையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள் சுமார் 1,20,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் குடிமக்கள். எஞ்சிய முதல் தலைமுறையினர் குடியுரிமை கேட்காமல் இருந்தவர்கள் அல்லர். வெள்ளையருக்கு மட்டும் என்று 1790-இல் வகுத்த சட்டத்தைக் காட்டி, 1922-இல் தக்காவோ ஒசாவா வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. இந்த நிகழ்வு முழுவதற்கும் ஆங்கிலப் பாடநூல்கள் நெடுங்காலம் சூட்டிவந்த பெயர் 'இன்டர்ன்மென்ட்'. இச்சொல் மென்மையானது என்பதால் மட்டும் அது பிழையாகிவிடாது. சட்டத்தில் அது குறிப்பது வேறொரு செயலை. பிழை அங்கேதான் இருக்கிறது.

போர்க்காலத்தில் பகைநாட்டுக் குடிகளைப் பிடித்துவைப்பதே சட்டம் அறிந்த இன்டர்ன்மென்ட். அமெரிக்காவில் அதற்கு அடிப்படை 1798-ஆம் ஆண்டின் பகைநாட்டார் சட்டம். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதுமே எஃப்.பி.ஐ. வீடு வீடாகச் சென்று பிடித்தது இவ்வகையினரை: ஜப்பானிய மொழி ஆசிரியர்கள், பௌத்தத் துறவிகள், சங்கத் தலைவர்கள். வழக்கறிஞர் இல்லாவிட்டாலும் ஒவ்வொருவருக்கும் பெயரளவுக்காவது ஒரு விசாரணை நடந்தது. நீதித்துறை நடத்திய சான்டா ஃபே, கிரிஸ்டல் சிட்டி போன்ற முகாம்களுக்கு, போர்க்கைதிகளுக்கான 1929 ஜெனீவா உடன்படிக்கையின் விதிகள் நீட்டிக்கப்பட்டன. ஜப்பானின் சார்பில் குறைகேட்க நடுநிலை நாடான ஸ்பெயின் இருந்தது.

மற்றவர்கள் கதை வேறு. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066-ஆம் எண் ஆணையில் 'ஜப்பானியர்' என்ற சொல்லே கிடையாது. ராணுவப் பகுதி என அறிவிக்கும் இடத்திலிருந்து யாரை வேண்டுமானாலும் விலக்கலாம் என்றுதான் இருந்தது. குற்றச்சாட்டு இல்லை, ஆளுக்கொரு விசாரணை இல்லை. நம் இந்திய அரசமைப்பின் 22-ஆம் பிரிவு அனுமதிக்கும் தடுப்புக்காவலில்கூட, பிடித்ததற்கான காரணத்தைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வைக்க ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இங்கே கம்பத்தில் ஒட்டிய காகிதமே ஆணை, காரணம் வம்சாவளி. ஆக, பகைநாட்டான் எனப் பிடிக்கப்பட்டவனுக்காகப் பேச ஸ்பெயின் இருந்தது; சொந்த நாட்டுக் குடிமகனுக்காகப் பேச எந்த நாடும் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் இந்த வேறுபாடு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

அன்றைய அதிகாரிகள் குடிமக்களின் முகாமுக்கு இன்டர்ன்மென்ட் என்ற பெயரைத் தவிர்க்கவே பார்த்தார்கள். அவர்கள் கையாண்டவை இன்னும் இதமான சொற்கள். சான்டா அனிடா குதிரைப் பந்தய மைதானத்தில் லாயங்களைக் கழுவிக் குடும்பங்களைக் குடிவைத்தார்கள். அதன் பெயர் 'கூடும் மையம்'. வெளியேற்றம் 'அப்புறப்படுத்தல்' ஆயிற்று, வெள்ளத்திலிருந்து மீட்பதுபோல. மன்சனார், டூல் லேக், போஸ்டன் முதலான பத்து முள்வேலி முகாம்களும் 'இடமாற்ற மையங்கள்', உள்ளிருந்தோர் 'வாசிகள்'.

யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் அப்படியொரு 'வாசி', 63 வயது ஜேம்ஸ் ஹட்சுவாகி வகாசா. 1943 ஏப்ரல் 11 மாலை வேலியருகே நடந்துகொண்டிருந்தவரைக் காவல்கோபுரத்து வீரர் சுட்டுக் கொன்றார். தப்பியோட முயன்றார் என்பது ராணுவம் முதலில் சொன்னது. அவர் வேலிக்கு உள்ளேதான் விழுந்து கிடந்தார். முகாம்வாசிகள் நினைவுக்கல் ஒன்றை நட்டார்கள். இடித்துவிடும்படி உத்தரவு வந்தது. அவர்கள் கல்லைப் புதைத்துவைக்க, 2021-இல்தான் அது தோண்டியெடுக்கப்பட்டது. அப்புறப்படுத்தல், இடமாற்றம், வாசி ஆகிய மூன்று சொற்களையும் வைத்துக்கொண்டு இந்தச் சாவை விளக்க முயன்றால், காவல்கோபுரம் அங்கே ஏன் நின்றது என்ற கேள்விக்கே பதில் கிடைக்காது.

நீதிமன்றத்திலும் பூசல் பெயரைச் சுற்றியே நடந்தது. 1944 டிசம்பர் 18 அன்று கொரெமட்சு வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் வெளியேற்றம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக், இவற்றை 'கான்சென்ட்ரேஷன் கேம்ப்' என்பது நியாயமற்றது என்று மறுத்தார். மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ராபர்ட்ஸ் அந்தப் பெயரையே சொன்னார். ரூஸ்வெல்ட்டும் அதைச் செய்தியாளர்களிடம் தயங்காமல் பயன்படுத்தியவர்தான். அதே நாளில் மிட்சுயே எண்டோ வழக்கில், விசுவாசத்தில் ஐயமில்லாத குடிமகளை அடைத்துவைக்க அதிகாரமில்லை என்று ஒருமித்துத் தீர்ப்பாயிற்று.

போருக்குப் பின் 'கான்சென்ட்ரேஷன் கேம்ப்' நாஜிகளின் கொலைக்களங்களுக்கு உரியதாகிவிட்டது. 1973-இல் மன்சனாரில் அச்சொல்லைத் தாங்கி வைத்த பலகையை யாரோ கொத்திய தழும்புகள் அதில் உண்டு. 1998-இல் எல்லிஸ் தீவுக் கண்காட்சியின் தலைப்பில் அது வந்தபோது யூத அமைப்புகள் வருந்தின. இருதரப்பும் பேசி, இரண்டு வகை முகாம்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் குறிப்பைச் சேர்த்தன. தென்னாப்பிரிக்கப் போயர் போர்க்கால வழக்கின்படி, அதாவது மக்களைக் கூட்டமாக அடைத்துவைக்கும் முகாம் என்ற பொருளில், அந்தச் சொல் சரியானதே. ஆனால் இன்றைய வாசகர் மனம் நேரே ஆஷ்விட்ஸுக்குப் போகும் என்பதால் அதைப் பொதுப்பெயராக்குவது உதவாது. 2013 வாக்கில் ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் கழகமும், 2023-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழும் 'இன்கார்சரேஷன்', அதாவது சிறைவைப்பு, என்ற சொல்லுக்கு மாறின. தண்டனை பெறாதவரைச் சிறைக்கைதி எனலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தண்டனையே இல்லாமல் அடைத்தார்கள் என்பதுதானே புகார்? அந்த முரணைச் சொல் மறைக்காமல் காட்டட்டும்.

எனினும் 'இன்டர்ன்மென்ட்' என்பதை அகராதியிலிருந்தே துடைத்துவிட நினைப்பது மறுபக்கத் தவறு. 1988-இல் அதிபர் ரேகன் கையெழுத்திட்ட இழப்பீட்டுச் சட்டம், குடிமக்களும் சட்டப்படி நிரந்தரமாக வசித்தவர்களும் உயிரோடிருந்தால் ஆளுக்கு 20,000 டாலர் என்றது. அந்த வரம்புக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. பெரு முதலான லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து சுமார் 2,200 ஜப்பானியரை அமெரிக்காவே கப்பலேற்றிக் கொண்டுவந்து, ஜப்பானிடமிருந்த தன் மக்களுக்கு மாற்றாகக் கைமாற்ற நீதித்துறை முகாம்களில் வைத்திருந்தது. இவர்களுக்கு நடந்ததற்கு இன்டர்ன்மென்ட் என்பதே உரிய பெயர். வரும்போதே கடவுச்சீட்டுகளைப் பறித்துக்கொண்டு, வந்திறங்கியதும் சட்டவிரோதமாக நுழைந்தவர்கள் என்று பதிவுசெய்தார்கள். அந்தப் பதிவைக் காட்டியே 1988-இல் பெரும்பாலோருக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. கார்மென் மொச்சிசூக்கி முதலானோர் தொடுத்த வழக்கில் 1998-இல் சமரசம் ஏற்பட்டபோது அவர்களுக்குக் கிடைத்தது மன்னிப்பும் ஆளுக்கு 5,000 டாலரும்.