குரோமியம் (வளர்சிதைமாற்றத்திலும் நீரிழிவிலும்)

உணவில் மைக்ரோகிராம் அளவிலேயே காணப்படும் உலோகத் தனிமம். 1797இல் பிரெஞ்சு வேதியியலார் வோக்லன் சைபீரியச் செந்நிறக் கனிமம் ஒன்றில் இதைக் கண்டறிந்தார். உணவில் இருப்பது மூவிணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்த அறுவிணைதிறன் குரோமியம் புற்றுநோய் விளைவிக்கும் நஞ்சு. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

நீரிழிவோடு இதற்குள்ள தொடர்பு எலிகளிடமிருந்து அறியவந்தது. அமெரிக்காவில் கல்லீரல் அழிவு நோயை ஆராய்ந்த கிளாஸ் சுவார்ட்ஸ், டோருலா ஈஸ்ட் கலந்த உணவை எலிகளுக்குக் கொடுத்துவந்தார். அவற்றின் இரத்தத்தில் செலுத்திய குளுக்கோஸ் மிக மெதுவாகவே குறைந்தது. மதுவடி ஈஸ்ட்டையோ பன்றிச் சிறுநீரகப் பொடியையோ சேர்த்துக் கொடுத்ததும் அக்குறை நீங்கியது. அவற்றில் அடங்கிய, அப்போது இனங்காணப்படாத பொருளுக்குச் சுவார்ட்ஸும் வால்ட்டர் மெர்ட்சும் 1957இல் 'குளுக்கோஸ் தாங்குதிறன் காரணி' எனப் பெயரிட்டனர். பல தனிமங்களின் உப்புகளைச் சோதித்து, 1959இல் மூவிணைதிறன் குரோமியமே அதன் செயற்கூறு என அறிவித்தனர். ஆயினும் எலிகளின் உணவில் ஏற்கெனவே எவ்வளவு குரோமியம் இருந்தது என அளக்கப்படவில்லை. அவை வாழ்ந்ததும் உலோகக் கூண்டுகளில். எனவே அவற்றுக்கு உண்மையில் எவ்வளவு குரோமியம் கிடைத்தது என்பது தெரியவில்லை.

மனிதரிடம் கிடைத்த வலுவான சான்று 1977இல் டொராண்டோவிலிருந்து வந்தது. மூன்றாண்டுக்கு மேல் சிரைவழி ஊட்டத்திலேயே வாழ்ந்த பெண் ஒருவருக்கு எடை குறைந்தது, நரம்புகள் தளர்ந்தன, சர்க்கரை ஏறியது. நாளுக்கு 250 மைக்ரோகிராம் குரோமியம் இரு வாரம் செலுத்தியபின் இன்சுலின் தேவைப்படவில்லை. அதன்பின் சிரைவழி ஊட்டக் கரைசல்களில் குரோமியம் சேர்ப்பது வழக்கமாயிற்று.

உண்ட குரோமியத்தில் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவாகவே குடல் ஏற்கிறது. டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் அதைத் திசுக்களுக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே குரோமோடுலின் என்னும் சிறு மூலக்கூறு அதைப் பற்றிக்கொண்டு இன்சுலின் ஏற்பியைத் தூண்டும் என்பது ஒரு கருதுகோள்.

1997இல் சீனாவில் 180 வகை 2 நீரிழிவாளர்களிடம் நடந்த ஆய்வில் குரோமியம் பிக்கோலினேட் என்னும் குரோமியச் சேர்மம் சர்க்கரையைக் குறைத்தது. பிற ஆய்வுகள் பலவற்றில் அப்பயன் காணப்படவில்லை. நாளொன்றுக்கு ஆண்களுக்கு 35, பெண்களுக்கு 25 மைக்ரோகிராம் போதும் என 2001இல் அமெரிக்க வல்லுநர் குழு வரையறுத்தது. குரோமியம் இன்றியமையாச் சத்து என்பதற்கு ஏற்கத்தக்க சான்றில்லை என்று 2014இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் முடிவு கூறிவிட்டது. எனவே குரோமிய மாத்திரை நீரிழிவு மருந்துக்கு மாற்றாகாது. அதை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து. முழுத்தானியம், பிராக்கோலி, இறைச்சி ஆகியவற்றில் இது உண்டு. புளிப்பான உணவைச் சமைக்கும் எவர்சில்வர் பாத்திரத்திலிருந்தும் சிறிது கலக்கும்.