சுட்டி இல்லார்க்கும் திறந்த வாயில்

பார்வையற்றோர்க்கும் கைந்நடுக்கம் உடையோர்க்கும் சுட்டியைக் கையாளுதல் அரிது. விசைப்பலகையே அவர்தம் ஊன்றுகோல். 1997 டிசம்பரில் வெளிவந்த எச்.டி.எம்.எல். 4.0, டேப் விசையை அழுத்துகையில் இணைப்புகளையும் படிவக் கட்டங்களையும் எவ்வரிசையில் அடைவது எனக் குறிக்க 'டேப்இண்டெக்ஸ்' என்னும் பண்பை வகுத்தது.

பின்னர் நிரலாளர் பலர் வெறும் பெட்டிகளை வரைந்து, ஜாவாஸ்கிரிப்டால் அவற்றைப் பொத்தான்களாக இயக்கினர். கண்ணுக்கு அழகுதான், ஆயினும் டேப் விசை அவற்றில் நில்லாது தாண்டிச் சென்றது. சுட்டி பிடிக்க இயலாதோர்க்கு அப்பொத்தான் இருந்தும் இல்லாததே.

2005 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 1.5, எவ்வுறுப்புக்கும் அப்பண்பைச் சூட்ட இடமளித்தது. மதிப்பு 0 எனில் அவ்வுறுப்பு டேப் வரிசையில் சேரும். -1 எனில் சேராது, ஆனால் நிரல்வழி அதனை அடையலாம். 2008 டிசம்பரில் வெளியான இணைய அணுகுதன்மை நெறிமுறை 2.0, விசைப்பலகை இயக்கத்தை அடிப்படைத் தேவையாகவே விதித்தது.

பக்கம் அமைப்போர் சுட்டியை ஒதுக்கி ஒருமுறை டேப் விசையை அழுத்திப் பார்ப்பாராக!