எபிசோட் 41: ராகியின் காதில் ஒரு வெட்டு

பின்னணியில் மூச்சிரைப்புச் சத்தம் கேட்டா பயப்படாதீங்க, அது எங்க ராகி. மே மாசம், சென்னை, ஞாயிறு மதியம். ஃபேனுக்கு அடியில் டைல்ஸ் மேல வயித்தை ஒட்டிப் படுத்திருக்கா.

நேத்து அவளை ரேபிஸ் ஊசிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரோட்டில் புறங்கையை வெச்சுப் பார்த்தேன். அஞ்சு செகண்ட்கூட வைக்க முடியல. அவ பாதம் என்னத்துக்கு ஆகும்? ஆட்டோ பிடிச்சோம். டாக்டர் அவ காதைப் பார்த்துட்டு, "தெருவுல இருந்து எடுத்து வளர்க்கறீங்களா?"ன்னு கேட்டார். காது நுனியில் சின்னதா ஒரு வெட்டு இருக்கு. கருத்தடை ஆபரேஷன் முடிஞ்ச தெருநாய்க்குப் போடற அடையாளம் அது.

அன்னிக்கு ராத்திரியே எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ். "தெருநாய்களை மொத்தமாப் பிடிச்சுட்டுப் போகச் சொல்லி மனு கொடுக்கலாம், எல்லாரும் கையெழுத்துப் போடுங்க." எழுதினது கீழ்வீட்டு அக்கா. அவங்க பையனை ஒரு நாய் துரத்தியிருக்கு. அந்தப் பயத்தைச் சாதாரணமா ஒதுக்க முடியாது. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாருமே பிழைக்கறதில்லை. என்ன பதில் போடறதுன்னு தெரியாம போனைக் கவுத்து வெச்சுட்டேன்.

ஆனா அக்கா கேக்கற விஷயத்தை இந்த ஊர் ஏற்கெனவே செஞ்சு பார்த்திருக்கு. அதுவும் நூறு வருஷத்துக்கு மேல.

மெட்ராஸ் மாநகராட்சி தெருநாய்களைப் பிடிச்சுக் கொல்ல ஆரம்பிச்சது 1860-ல். ப்ளூ கிராஸ் அமைப்பு சொல்ற கணக்குப்படி, ஆரம்பத்தில் சராசரியா நாளைக்கு ஒரு நாய்கூட இல்லை. 1990-களின் நடுவில் அது நாளைக்கு 135 ஆயிடுச்சு. யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்-கை 130 வருஷமா ஃபிக்ஸ் பண்றோம், ஆனா டிக்கெட் எண்ணிக்கை ஏறிட்டே போகுது. அப்போ நாம கை வைக்கற இடமே தப்புன்னுதானே அர்த்தம்?

ப்ளூ கிராஸை 1959-ல் இதே ஊரில் தொடங்கினவர் கேப்டன் வி. சுந்தரம், ஒரு விமானி. அவர் மகன் சின்னி கிருஷ்ணா இன்ஜினியரிங் படிச்சவர். 1964-லயே அவங்க மாநகராட்சிகிட்ட சொன்னது இதுதான்: கொல்லாதீங்க, கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, பிடிச்ச தெருவிலேயே திருப்பி விடுங்க. முப்பது வருஷத்துக்கும் மேல அது எடுபடல. 1996-லதான் சென்னையில் கொல்றது நின்னு, கருத்தடைத் திட்டம் பரவலா வந்தது. 2001-ல் இந்தியா முழுக்க அதுவே விதி ஆச்சு.

ஏன் திருப்பி விடணும்? இன்னிக்குக் காலையில் அஞ்சு மணிக்குக் கோயம்பேட்டில் நின்னப்போ எனக்கு அது உறைச்சது. ராகிக்குப் பரங்கிக்காயும் கேரட்டும், எனக்கு வெங்காயம். (வெங்காயம், திராட்சை ரெண்டும் நாய்க்கு ஆகாது, ஞாபகம் வெச்சுக்கோங்க.) இந்தச் சந்தையும் 1996-ல் வந்ததுதான். அதுவரைக்கும் ஊருக்கே காய்கறி ஜார்ஜ் டவுன் கொத்தவால்சாவடியில் இருந்துதான் போகும். லாரியும் மாட்டுவண்டியும் அந்தச் சந்துகளை அடைச்சதால, மொத்தச் சந்தையையும் இங்கே மாத்தினாங்க. இப்போ 295 ஏக்கர், ஆயிரக்கணக்கான கடைகள். மூட்டை இறங்கற ஒவ்வொரு இடத்திலும் கழிவும் விழுது. அதைச் சுத்தி மாடு, எலி, நாய்.

இங்கே இருக்கற நாய்களை இன்னிக்கு மொத்தமா அள்ளிட்டுப் போனாலும் சாப்பாடு இங்கேயேதான் இருக்கும். பக்கத்துத் தெரு நாய்கள் வரும். ஊசி போடாததா, குட்டி போடறதா வரும். தெருவில் எத்தனை நாய்னு தீர்மானிக்கறது நாம கொட்டற சாப்பாடும் பிறக்கற குட்டிகளும்தான். கருத்தடை ஆன, ஊசி போட்ட நாய் அந்த இடத்தைப் பிடிச்சுட்டு இருக்கறது நமக்குத்தான் பாதுகாப்பு. நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டா ரேபிஸ் பரவற சங்கிலி அறுந்துடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆனா இது ஒரு தடவை பண்ணிட்டு விட்டுடற வேலை இல்லை. பாதியில் நிறுத்தினா ரெண்டு மூணு வருஷத்தில் பழைய நிலைமைதான். இன்னிக்கு நம்ம தெருவில் தெரியறது அந்தப் பாதி வேலைதான்.

வீட்டுக்கு வந்ததும் கீழ்வீட்டு அக்காவைப் பார்க்கப் போனேன். வாதாடப் போகல. "அக்கா, வாங்க, நம்ம தெரு நாய்ங்க காதைப் பார்ப்போம்"னு கூப்பிட்டேன். மொத்தம் ஏழு. நாலுக்குக் காதில் வெட்டு இருந்தது. மூணுக்கு இல்லை. பையனைத் துரத்தினது அந்த மூணில் ஒண்ணு, குட்டி போட்ட தாய். குட்டிங்க படுத்திருந்தது நிரம்பி வழியற குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில். தொட்டிக்கு வெளியே முதல்ல கிடந்த கவர் எங்க வீட்டுது. வெள்ளிக்கிழமை நான்தான் வெச்சுட்டு வந்தேன்.

கவரை எடுத்துட்டு வந்தேன். மாநகராட்சியின் 1913 நம்பருக்கு அக்காவே போன் பண்ணி, கருத்தடைக்கும் ஊசிக்கும் புகார் பதிஞ்சாங்க. மனு இன்னும் குரூப்பில்தான் இருக்கு. வேன் வர்ற வரைக்கும் அதை வாபஸ் வாங்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. நானும் வாங்கச் சொல்லல.

இந்த வாரம் உங்க தெருவில் எத்தனை காதில் வெட்டு இருக்குன்னு எண்ணிப் பாருங்க. மொட்டை மாடியில் ஒரு கிண்ணம் தண்ணியும் வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.