பெண் செய்தியாளர்கள் மீதான இணைய அவதூறு: 2018 வழக்கு

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெயர் அடிபட்ட ஒரு பாலியல் புகார் குறித்து, 2018 ஏப்ரல் 17 அன்று ஆளுநர் பன்வாரிலால் புரோகித் சென்னையில் செய்தியாளர்களைச் சந்தித்தார். கேள்வி கேட்ட பெண் செய்தியாளரின் கன்னத்தை அவர் தட்டியது சர்ச்சையாகவே, மறுநாள் மன்னிப்புக் கோரினார்.

இதையடுத்து, பெண் செய்தியாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை நடிகர் எஸ்.வி. சேகர் முகநூலில் பகிர்ந்தார். பிறர் எழுதியதைப் படிக்காமல் பகிர்ந்ததாகக் கூறி அதை நீக்கினார். எனினும் காவல்துறை வழக்குப் பதிந்தது. பகிர்ந்தவரும் பொறுப்பாளியே என்று கூறிய சென்னை உயர் நீதிமன்றம், 2023இல் வழக்கை ரத்துசெய்ய மறுத்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நொடியில் பகிரப்பட்ட அவதூறுக்கு முதல் தீர்ப்பு வர ஏறத்தாழ ஆறாண்டுகள் ஆயின.