லிப்டனின் ஆசனமும் லயத்து மக்களும்

அப்புத்தளைக்குச் செல்லும் உல்லாசப் பயணிகள் தவறாது காண விரும்புவன மூன்று. லிப்டன் ஆசனம் என வழங்கும் மலைமுகடு, தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலை, அடிசம் பங்களா என்பனவே அவை. மூன்றும் துரைமாரின் ஞாபகச் சின்னங்கள். இம்மலைச் சரிவுகளைத் தேயிலை நிலமாக்கிய மக்களை நினைவூட்டும் இடம் எதுவும் வழிகாட்டி நூல்களின் பட்டியலில் எளிதிற் கிடைப்பதில்லை.

அடிசம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கருங்கல் மாளிகை அது. தாம் பிறந்த இங்கிலாந்துக் கிராமத்தின் பெயரையே அதற்கு இட்டார். இன்று அது துறவியர் மடம்.

லிப்டனின் கதை வேறு. 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிந்து, தோட்டங்கள் மலிவாக விலைப்பட்ட காலத்திலே, 1890இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார் அந்தக் கிளாஸ்கோ வணிகர். தம்பேதென்னத் தொழிற்சாலையும் அவ்வாண்டிலேயே எழுந்தது. 1893இல் அப்புத்தளைக்குப் புகையிரதம் வந்தது. லிப்டன் இங்கு நிலைத்து வாழ்ந்தவரல்லர். எனினும் அவர் அமர்ந்து பார்த்த முகடு அவர் பெயரையே பெற்றுவிட்டது!

தொழிற்சாலையிலிருந்து அம்முகட்டுக்கு ஏறும் பாதையை நேயர்கள் ஒருமுறை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். மண் சரியாதபடி அடுக்கிய கற்கட்டுகள், மழைநீர் வடியக் குறுக்காக வெட்டிய கான்கள், சரிவெங்கும் நிரைநிரையாக நட்ட செடிகள். இவை தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்தவர்களின் கைவேலை. அவர்களுள் முன்னோடிகள் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே நடந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களின் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசாவுரிமையும் இழந்தனர். எஞ்சியோரின் குறை 2003இலேயே தீர்ந்தது.

இலக்கியம் கற்பிப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. இலங்கையைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எஸ். சீனியர் 1938இல் இங்கிலாந்தில் மறைந்தார். அவரது அஸ்தி அப்புத்தளை புனித அந்திரேயர் ஆலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது. அது தகும். ஆனால், தேயிலையடியிற் புதையுண்ட உழைப்பாளிக்குக் கல்லறைதானும் இல்லையே என வருந்திப் பாடிய சி. வி. வேலுப்பிள்ளையை அங்கு வரும் பயணிகளுள் எத்தனை பேர் அறிவர்?

லயங்களையும் பழைமைச் சின்னம் என அப்படியே விட்டுவைக்கலாமோ எனச் சிலர் கேட்கக்கூடும். கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிற்று. ஆபத்து முன்னரே அறிவிக்கப்பட்டிருந்த இடம் அது. மக்கள் குடியிருக்க நல்ல வீடுகளே வேண்டும். ஆளொழிந்த லயத்தில் ஒரு வரிசையைக் கவ்வாத்துக் கத்தியோடும் கொழுந்துக் கூடையோடும் காமன் கூத்தின் தப்போடும் காட்சிச்சாலையாக்கலாம். கம்பளைக்கு அண்மையில் ஒரு பழைய லயத்தில் அவ்வாறு செய்திருக்கிறார்கள். தம்பேதென்னப் பாதையோரத்திலும் அதற்கு இடமுண்டு.