வரலாற்றில் மார்ச் 10: அலி சகோதரர்களுக்காக எழுதிய பேனாவும் ஜவ்வாது மலைத் தொலைநோக்கியும்

மார்ச் 10 என்றதும் பள்ளிப் புத்தகங்கள் தொலைபேசியைத்தான் சொல்லும். 1876இல் கிரகாம் பெல் தன் உதவியாளர் வாட்சனைக் கம்பி வழியே அழைத்த நாள் அது. 1945இல் அதே தேதியில் அமெரிக்க விமானங்கள் வீசிய தீக்குண்டுகளால் டோக்கியோவில் ஒரே இரவில் சுமார் ஒரு இலட்சம் பேர் மாண்டனர். ஹிரோஷிமாவை நினைவில் வைத்திருக்கும் நாம் இதை ஏனோ மறந்துவிட்டோம்.

நம் சமுதாயத்தினர் அறிந்திருக்க வேண்டியது 1922ஆம் ஆண்டு மார்ச் 10. அன்று இரவு சபர்மதி ஆசிரமத்தில் காந்தி கைது செய்யப்பட்டார். 'யங் இந்தியா' இதழில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக இராஜதுரோக வழக்கு. அவற்றில் முதல் கட்டுரை மௌலானா முகம்மது அலி, சௌகத் அலி சகோதரர்களைப் பற்றியது. ஆங்கிலேயரின் படையில் முஸ்லிம்கள் பணியாற்றுவது கூடாது என்று 1921இல் கராச்சி கிலாபத் மாநாட்டில் தீர்மானம் போட்டதற்காக அவர்கள் சிறையில் இருந்தனர். அவர்கள் செய்தது குற்றம் என்றால் அதையே நானும் செய்வேன் என்பதுதான் காந்தியின் நிலைப்பாடு. மார்ச் 18இல் அகமதாபாத்தில் அவருக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உடல்நலம் குன்றியதால் 1924இல் விடுதலையானார்.

1977இன் மார்ச் 10 நம் பக்கத்து மலையைச் சேர்ந்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் வழியில் காவலூர் வானாய்வகம் உள்ளது. யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடப்பதை, அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் கவனித்தனர். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியது. ஏதோ புதிய துணைக்கோள் என்றே முதலில் எண்ணினர். இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த விமானத்திலிருந்து ஜேம்ஸ் எலியட் குழுவினர் எடுத்த பதிவுகளில், கோளின் இரு பக்கமும் ஒளி ஒரே மாதிரி மங்கியிருந்தது. அவை யுரேனஸின் வளையங்கள் எனத் தெளிவானது. பாடநூல்களில் எலியட்டின் பெயரே நிற்கிறது. காவலூரின் பெயரும் கூடவே இருந்திருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. மார்ச் 10 என்பது உலக நேரக் கணக்கு. காவலூரில் அப்போது நள்ளிரவு தாண்டி மார்ச் 11 பிறந்திருந்தது. மஃக்ரிபிலிருந்து நாளைத் தொடங்கும் நம் ஹிஜ்ரி கணக்கிலோ, பல மணி நேரம் முன்பே மறுநாள் வந்துவிட்டது. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால், மேலே சொன்ன நான்கு நிகழ்வுகளும் அதில் வெவ்வேறு தேதிகளில்தான் வரும்.